எல்லைப்புறத்தில் ஒரு தபசு காலம்

மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து ஓயாமல் வீசிப் பனையோலைகளைச் சலசலக்கச் செய்துகொண்டிருக்கும் வறண்ட காற்று மாசி பிறந்ததும் மெல்லத் தணிந்துவிட, மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்கு இயற்கை திறந்துவைத்திருக்கும் பாலக்காட்டுக் கணவாயில் வெயில் தன் அரசாட்சியைத் தொடங்குகிறது. வயல்கள் வெடித்துக் கிடக்கின்றன. சித்தூர்ப் புழையில் மணல்திட்டுகள் தலைதூக்குகின்றன. நண்பகலில் வீதிகளில் நடமாட்டம் அருகிவிடுகிறது. வயிறார உண்டு நிழலில் சாய்ந்திருப்பவனையே வாட்டி எடுக்கும் இந்தப் பருவத்தில்தான், கேரளத்தின் கிழக்கு எல்லையோரமாக வாழும் கிறிஸ்தவ ஜனங்கள், இயேசுநாதர் உயிர்த்தெழுந்த பெருவிழாவுக்குத் தங்களை ஆயத்தம் செய்துகொள்ளும் பொருட்டு, நெடிய உபவாசத்தை மேற்கொள்கிறார்கள். அதை அருகிருந்து காண வேண்டும் என்னும் ஆவல் எனக்கு நெடுநாளாக உண்டு. பாலக்காட்டுச் சமவெளியில் தொடங்கி, பொள்ளாச்சி, உடுமலை வழியாகச் சின்னாற்றைக் கடந்து, மறையூர், மூணாறு, நெடுங்கண்டம் என இடுக்கி மலைகளின் விளிம்பை ஒட்டியே செல்லும் பாதையை அதற்காகத் தேர்ந்துகொண்டேன்.

சித்தூர் தாலுகா முன்னாளில் கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்தது. அடுத்திருக்கும் பாலக்காடோ சென்னை மாகாணத்து மலபார் ஜில்லாவில் அடங்கியிருந்தது. 1956இல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது இரண்டும் கேரளத்தோடு சேர்ந்தன. ஆனால் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் முதலிய ஊர்களில் காதில் விழுவது பெரும்பாலும் கொங்கு நாட்டுத் தமிழே. இப்பகுதியின் தமிழ்க் கத்தோலிக்கக் கோயில்கள் நெடுங்காலம் கோயம்புத்தூர் மறைமாவட்டத்தின் கீழ் இருந்துவந்து, 2013 டிசம்பர் 28ஆம் நாள் சுல்தான்பேட்டை மறைமாவட்டம் புதிதாக அமைக்கப்பட்டபோது அதனுள் வந்தன. பாலக்காட்டு நகரத்தின் சுல்தான்பேட்டையிலுள்ள புனித செபஸ்தியார் கோயில் அதன் தலைமைப் பேராலயமாக விளங்குகிறது.

தபசு காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று விடியுமுன் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் கோயில் ஒன்றின் முற்றத்தில் நின்றிருந்தேன். சென்ற ஆண்டு குருத்து ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு எடுத்துச் சென்று, பாடுபட்ட சுரூபத்தின் பின்னே செருகிவைத்திருந்த குருத்தோலைகளை ஜனங்கள் சில நாட்களுக்கு முன்பே கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். ஓராண்டுக் காலம் அடுக்களைப் புகையிலும் சாம்பிராணிப் புகையிலும் காய்ந்து பழுப்பேறிய அவ்வோலைகளை எரித்தெடுத்த சாம்பலைத்தான் குருவானவர் ஒவ்வொருவர் நெற்றியிலும் சிலுவையாக வரைந்தார். வேலைக்குப் போகிறவர்கள் மண்வெட்டியையும் தூக்குப்பாத்திரத்தையும் சுவரோரம் சாய்த்துவிட்டு வந்து வரிசையில் நின்றார்கள். திருப்பலி முடிந்ததும் நெற்றிச் சாம்பலோடு அவர்கள் தென்னந்தோப்புகளை நோக்கி நடந்து போனதைப் பார்க்கையில், பிரார்த்தனை வேறு, பிழைப்பு வேறு என்னும் பாகுபாடு இவர்களிடத்தில் இல்லை என்று தோன்றிற்று.

ஒருசந்தி, சுத்தபோசனம் என்று இரண்டு வகை நியமங்கள் தமிழ்க் கத்தோலிக்கரிடையே வழங்குகின்றன. நாளைக்கு ஒருவேளை மட்டும் நிறைவாக உண்பது ஒருசந்தி. மாமிசத்தை விலக்குவது சுத்தபோசனம். 1966இல் பாப்பரசர் ஆறாம் பவுல் விதிகளைத் தளர்த்திய பிறகு, சாம்பல் புதனும் பெரிய வெள்ளியுமாகிய இரண்டு நாட்களே உலகெங்கும் லத்தீன் திருச்சபையாருக்குக் கட்டாய உபவாச நாட்களாக நின்றன; வயதும் 18 முதல் 59 வரை என்று வரையறுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் இந்தச் சட்டத்தின் சலுகையை எல்லோரும் ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. கோயில் வாசலில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவரை, இந்த வயதிலுமா என்று கேட்டேன்.

“ஏனுங்க தம்பி, நாப்பது நாளும் புடிக்கறேனுங்க. காலைல வெறும் வயித்தோட பூசைக்கு வந்துருவேன். மத்தியானம் ஒருவேளைச் சோறு, ராத்திரிக்கு ஒரு டம்ளர் நீச்சத்தண்ணி. ஞாயித்துக்கெழம மட்டும் ரெண்டு வேளைங்க” என்றார் அவர், அதில் வியக்க என்ன இருக்கிறது என்னும் பாவனையில்.

பாலக்காட்டு நகரத்துக்கு வந்தால் வேறொரு காட்சி. மார்த்தோமா கிறிஸ்தவர் எனப்படும் சுரியானி மரபினர் சாம்பல் புதனுக்காகக் காத்திருப்பதில்லை. அதற்கு முந்திய திங்கட்கிழமையே அவர்களுடைய அம்பது நோன்பு தொடங்கிவிடுகிறது. 1974இல் அமைந்த பாலக்காடு சீரோ மலபார் மறைமாவட்டத்துக் கோயில்களில் அந்தத் திங்களன்றே விபூதி பூசப்படுகிறது. அதற்கு முந்திய ஞாயிறு பேதுர்த்தா. அன்றைய விருந்தோடு இறைச்சிச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டால் பின் ஈஸ்டர் வரையில் அதை எடுப்பதில்லை. மாமிசம், மீன், முட்டை, பால் ஆகிய யாவும் பழைய முறைப்படி விலக்கு. ஞாயிற்றுக்கிழமைகளிலும் விலக்கு நீங்குவதில்லை. 1599ஆம் ஆண்டு உதயம்பேரூர் சங்கத்தைக் கூட்டிய கோவா அத்தியட்சர் மெனேசஸின் மலபார்ப் பயணத்தை எழுதிய குவேயா என்னும் போர்த்துக்கீசத் துறவி, இந்நாட்டுக் கிறிஸ்தவர் நோன்பு காக்கும் கடுமையை வியந்து பதிவுசெய்திருக்கிறார். அவருடைய நூல் 1606இல் அச்சேறியது. ஏறத்தாழ அதே சமயத்தில், அதாவது 1606இல் மதுரைக்கு வந்துசேர்ந்த ராபர்ட் டி நொபிலி என்னும் தத்துவ போதக சுவாமி, தமிழ்த் துறவியரின் முறையைத் தாமும் மேற்கொண்டு, மரக்கறி உணவை ஒருவேளை மட்டும் உண்டு வாழ்ந்தார் என்பதை நினைத்துக்கொண்டால், மலைக்கு இரு பக்கத்திலும் பசித்திருத்தலுக்கு இருந்த மதிப்பு புலனாகும்.

இவ்விரு மரபினரும் காக்கும் நோன்புக்குக் கறிகாய் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேலந்தாவளம் சந்தைக்குச் சென்றேன். எல்லைக்கோட்டின் மேலேயே அமைந்தாற்போன்ற அந்தச் சந்தையில், விடிந்தும் விடியாததுமாக, பூசணியும் புடலையும் வெண்டையும் கத்தரியும் மூட்டை மூட்டையாக வந்து இறங்குகின்றன. வளர்ப்போரும் சுமப்போரும் எடை போடுவோரும் பெரும்பாலும் இந்து சமயத்தினரும் முகம்மதியருமே. நோன்பு நோற்பவன் தன் வயிற்றைத் தான்தான் கட்டுகிறான் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். ஆனால் அவனுக்கு வேண்டிய கறிகாயை விளைவிக்கவும், அவன் களைத்தால் தாங்கவும், அவனுடைய விலக்கை மதித்து நடக்கவும் ஓர் ஊரே வேண்டியிருக்கிறது. இந்த எண்ணம் அச்சந்தையில் எழுந்தது. மலைமேல் சென்ற பின்னர் அது உறுதிப்பட்டது.

பொள்ளாச்சி, உடுமலைச் சாலையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தைப்பூசத்துக்குப் பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து காவடி சுமந்து பழனிக்கு நடந்து செல்லும் விரதகாரர்களின் பாதையும் இதையொட்டியே அமைந்திருக்கிறது. சின்னாற்றுச் சோதனைச் சாவடியைத் தாண்டி மழை மறைவுக் காட்டினூடே மலையேறினால் மறையூர். கரும்புத் தோட்டங்களின் நடுவே ஓலைக் கொட்டகைகளில் கொப்பரைகள் கொதிக்க, காய்ச்சிய வெல்லத்தைக் கையால் உருட்டி வைக்கிறார்கள். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற இந்த மறையூர் வெல்லத்துக்கும் நோன்புக்கும் ஒரு சம்பந்தம் இருப்பதைப் பின்னர் கண்டுகொண்டேன்.

மூணாற்றின் தேயிலை மலைகளுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து கங்காணிமார் ஆள் சேர்த்து அழைத்து வந்தது, போடி, கொட்டகுடி வழியாகத் திருநெல்வேலி, மதுரைச் சீமைகளின் ஏழை ஜனங்களையே. அவர்களில் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் கணிசமாக இருந்தார்கள். 1898இல் ஸ்பானிய நாட்டுக் கார்மேல் சபைக் குரு ஒருவர் நிறுவிய கார்மேல் மாதா கோயில் இம்மலைத் தொடரின் தாய்க்கோயிலாகக் கருதப்படுகிறது; 2024இல் அது பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது. அதற்குச் சற்று அப்பால், 1910இல் அடிக்கல் நாட்டி 1911இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட கிறிஸ்து ஆலயம் இருக்கிறது. கருங்கல்லில் எழுந்த அவ்வாலயத்துக்கு மேலேயுள்ள கல்லறைத் தோட்டம் ஆலயத்தைவிட மூத்தது. 1894இல் காலரா நோயால் மாண்ட இளம் ஆங்கில மாது ஒருத்தியே அங்கு முதன்முதலாக அடக்கம் செய்யப்பட்டாள். தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த அவ்வாலயத்தில் இன்றும் தமிழ், மலையாளம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளில் ஆராதனை நடக்கிறது.

இச்சபையார் இந்நாட்களை லெந்து நாட்கள் என்கிறார்கள். வெள்ளிக்கிழமைதோறும் உபவாச ஜெபம். பெரிய வெள்ளியன்று நண்பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரையில் சிலுவையின் ஏழு வார்த்தைகளைப் பற்றிய தியானம். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்துச் சபைக்குக் கொடுக்கும் பிடியரிசி வழக்கம் திருநெல்வேலிச் சீமைச் சபைகளில் பழமையானது. கேரளக் கிறிஸ்தவரிடத்திலும் அது உண்டு. தான் உண்ணாமல் மிஞ்சியதைப் பிறர் உண்ண வேண்டும் என்பது நோன்பின் பாதி; அதை விட்டுவிட்டால் எஞ்சுவது வெறும் பத்தியம்தான்.

எஸ்டேட் ஒன்றின் சிலுவைப்பாதையில் வெள்ளிக்கிழமை மாலை நானும் கலந்துகொண்டேன். கொழுந்து நிறுத்து முடித்து, தொழிலாளர் குடியிருப்பு வரிசையாகிய லயத்துக்குப் போய்க் கைகால் கழுவி, முக்காடிட்டு வந்த பெண்கள் முன்னே செல்ல, இரண்டு கட்டைகளைச் சேர்த்து ஆணியறைந்த சிலுவையைத் தோள் மாற்றித் தோள் மாற்றி இளைஞர் சுமந்து வந்தனர். பதினான்கு ஸ்தலங்களும் தேயிலைச் சரிவில் வளைந்து ஏறும் வண்டிப்பாதையின் திருப்பங்களிலேயே குறிக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு ஸ்தலத்திலும் சரளைக் கற்கள்மேல் முழந்தாளிட்டு எழுந்தார்கள். விரல்களில் தேயிலைக் கறை போகாமலிருந்தது. புலம்பல் பாட்டை ஒரு முதியவள் எடுத்துக்கொடுக்க மற்றவர் வாங்கிப் பாடினர். அதன் இராகம் இழவு வீட்டு ஒப்பாரியின் இராகமே. இயேசுநாதரின் பாடுகளை அழுது நினைப்பதற்கென்று வியாகுலப் பிரசங்கம் என்னும் நூலையே யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமி ஈழத்தில் தமிழில் இயற்றினார்; 1742இல் அவர் காலமானார். அந்த மரபின் ஒரு கிளை இம்மலையுச்சியில் பசித்த வயிற்றோடு பாடப்படுவதைக் கேட்டபோது என் கண்கள் நனைந்தன.

இறுதி ஸ்தலத்தில் மரித்தோருக்காக வேண்டிக்கொண்டார்கள். 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் புதையுண்டு 70 பேர் மாண்டார்களே, அவர்களையும் சேர்த்தே அந்த வேண்டுதல். எந்தச் சமயத்தவர் என்று பிரித்துப் பார்க்கவில்லை.

திரும்பி வருகையில் கொழுந்து எடுக்கும் பெண்மணி ஒருவரிடம், பட்டினியோடு சரிவில் நின்று நாள் முழுவதும் வேலை செய்வது எப்படி இயலுகிறது என்று விசாரித்தேன்.

“மத்தியானம் கிறக்கம் வரத்தான்யா செய்யும். பக்கத்து நெரைக்காரி என் மொகத்தப் பாத்தே கண்டுபிடிச்சிருவா. தன் சாக்குலேருந்து ரெண்டு மூணு பிடி அள்ளி என் சாக்குல போட்டுட்டு, நிழல்ல செத்த உக்காருக்காம்பா. அவ மாரியம்மன் கோயிலுக்குக் காப்புக் கட்டுறவ. அவ வெரதத்துக்கு நான் அள்ளிப் போடுவேன்” என்றார்.

எடைக்குக் கூலி பெறும் தொழிலில் இரண்டு மூன்று பிடிக் கொழுந்து என்பது காசு. கூலியின் ஒரு பகுதியைக் கொடுத்து ஒருத்தியின் நோன்பை மற்றொருத்தி காப்பாற்றுகிறாள். உபவாசத்தைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்களைக் கேட்டிருக்கிறேன். இதற்கு இணையான விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை.

பரிசுத்த வாரத்தில் நெடுங்கண்டத்துக்குப் போனேன். ஏலக்காட்டின் நிழலும் மிளகுக் கொடியும் நிறைந்த இப்பிரதேசம் குடியேறிகளின் நாடு. உணவுப் பஞ்சம் நிலவிய 1940களிலிருந்து பாலா, தொடுபுழைப் பக்கத்துச் சுரியானிக் குடும்பங்கள் காட்டு யானைக்கு அஞ்சி மரத்தின்மேல் பரண் கட்டி வாழ்ந்து இம்மண்ணைத் திருத்தின. பட்டம் தாணுப்பிள்ளையின் ஆட்சிக்காலமாகிய 1954-55இல் திருவிதாங்கூர்-கொச்சி அரசே இங்கே காலனி அமைத்து ஜனங்களைக் குடியேற்றியது. தேவிகுளம், பீர்மேடு யாருக்கு என்னும் வழக்கு நடந்துகொண்டிருந்த காலம் அது. தமிழர் மனத்தில் அந்தக் குடியேற்றம் விட்டுச் சென்ற கசப்பை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும், இன்று அக்குடியேறிகளின் நோன்புச் சமையலுக்குக் காய்கறி வருவது கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து. அவர்களுடைய ஏலக்காய் பறிக்கும் பெண்கள் விடியற்காலையில் கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக ஜீப்புகளில் வந்து மாலையில் திரும்பும் தமிழர்கள்.

குருத்து ஞாயிற்றுக்கு முந்திய நாள் இவர்களுக்குக் கொழுக்கட்டைச் சனி. தேங்காயும் வெல்லமும் பூரணமாக வைத்த கொழுக்கட்டை அன்று வீடுதோறும் வேகிறது. பெரிய வியாழனோ பெசகா. நான் தங்கியிருந்த வீட்டின் அம்மச்சி பிற்பகலிலேயே குளித்து, உளுந்தும் தேங்காயும் சீரகமும் சின்ன உள்ளியும் அரைத்துப் பச்சரிசி மாவில் சேர்த்துப் பிசைந்தார். புளிக்க விடுவதில்லை; எகிப்திலிருந்து புறப்பட்ட இஸ்ரவேலரின் புளிப்பில்லா அப்பத்தை நினைவூட்டுவது அது. தட்டில் வார்த்த மாவின்மேல் குருத்தோலைக் கீற்றைக் கிள்ளிச் சிலுவையாக வைத்து ஆவியில் வேகவைத்தார். இன்னோர் அடுப்பில் தேங்காய்ப் பாலும் வெல்லமும் சேர்ந்து பெசகாப் பால் கொதித்தது. அந்த வெல்லம் மறையூர் வெல்லம். இரவு கோயிலில் பாதம் கழுவும் சடங்கு முடிந்து வந்ததும், குடும்பத் தலைவர் விளக்கின் முன் நின்று வேதம் வாசித்து ஜெபித்தார். சிலுவையிட்ட அப்பத்தை அறுத்துப் பாலில் தோய்த்து மூத்தவரிலிருந்து தொடங்கி வயது வரிசைப்படி கொடுக்க, ஒவ்வொருவரும் இரு கைகளையும் ஏந்தி வாங்கிக்கொண்டார்கள். சிலுவையிட்டது குடும்பத்தாருக்கு மட்டுமே உரியது. விருந்தினனாகிய எனக்குச் சிலுவை வைக்காத அப்பத்தைத் தந்தார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. ஒன்றைப் புனிதம் என்று காப்பவர்களுக்கு அதன் வரம்பையும் காக்கும் உரிமை உண்டு.

அப்பமும் பாலும் இன்னொரு பாத்திரத்தில் எடுத்து மூடி வைக்கப்பட்டிருந்தன. கேட்டதற்கு, அவை அடுத்த வீட்டுக்கு என்றார் அம்மச்சி. ஓராண்டுக்குள் சாவு நேர்ந்த வீட்டில் பெசகா செய்வதில்லை. உற்றாரும் அயலாரும் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அந்த இரவில் துக்க வீட்டார் பெசகா இன்றி இருந்துவிடக் கூடாது என்பது சம்பிரதாயம். பேரனின் கையில் டார்ச் விளக்கைக் கொடுத்து அம்மச்சி அவனை அனுப்பினார்.

மறுநாள் பெரிய வெள்ளியன்று இடுக்கி மறைமாவட்டத்தின் யாத்திரைத் தலமாகிய எழுகும்வயல் குரிசுமலையில் ஜனத்திரள் காலையிலிருந்தே ஏறிக்கொண்டிருந்தது. கைக்குழந்தையோடு தாய்மாரும், ஊன்றுகோலோடு முதியோரும், சிறு சிலுவைகளைத் தோளில் தாங்கிய வாலிபரும் வெயிலைப் பொருட்படுத்தாமல் சென்றனர். மலையாள ஜெபங்களினிடையே தமிழ் ஜெபமும் கேட்டது. சுரியானிக் கோயில்களில் அன்று வழிபாடு முடிந்ததும், சிலுவையில் தொங்கியவருக்குக் கொடுத்த காடியை நினைந்து, பாகற்காய்ச் சாறு கலந்த கசப்பு நீரை ஒரு மடக்கு அருந்துகிறார்கள். பின் கஞ்சியும் பயறும். அந்தக் கஞ்சிக்குப் பந்தி பேதம் இல்லை, வந்தவர்க்கெல்லாம் வார்த்தார்கள்.

பீர்மேட்டுப் பக்கத்தையும் பார்த்துவிட்டே திரும்ப எண்ணிக் குமுளி சென்றேன். உபவாசம் இவ்வூருக்குப் புதிதன்று. இடுக்கி அணைக்கட்டுக்காக அய்யப்பன்கோயில் பகுதியிலிருந்து வெளியேற்றப்பட்டு, இவ்வூரை அடுத்த அமராவதியில் கொண்டுவந்து விடப்பட்ட ஏழைக் குடியானவர்களுக்காக, 1961 ஜூனில் கம்யூனிஸ்டுத் தலைவர் ஏ.கே. கோபாலன் உண்ணாவிரதம் இருந்தது இங்கேதான். வடக்கன் என்னும் கத்தோலிக்கக் குரு அவருக்குத் துணை நின்றார். கார்த்திகை, மார்கழி மாதங்களிலோ இன்னொரு சங்கமம். டிசம்பர் முதல் நாளிலிருந்து சுரியானிக் கிறிஸ்தவர் கிறிஸ்து ஜயந்திக்கு இருபத்தைந்து நோன்பு காக்கையில், சபரிமலைக்குச் செல்லும் ஐயப்ப பக்தர்கள் மண்டல விரதம் பூண்டு இதே வீதிகளை நிறைக்கிறார்கள். ஒரே கடையில் ஒரே மரக்கறிச் சாப்பாட்டை இருவரும் உண்கிறார்கள். செப்டம்பர் முதல் எட்டு நாட்களில் சுரியானிப் பெண்கள் மாதாவின் பிறந்தநாளுக்காக எட்டு நோன்பு நோற்கையில், அதே விழாவுக்குக் காவியுடுத்திய தமிழர்கள் வேளாங்கண்ணிக்கு நடந்துகொண்டிருப்பதும் இத்தகையதே.

வாகமண் அருகே 1958இல் பெல்ஜியத் துறவி பிரான்சிஸ் ஆச்சாரியாவும் ஆங்கிலத் துறவி பீட் கிரிபித்ஸும் தொடங்கிய குரிசுமலை ஆசிரமத்தில் சிறிது நேரம் இருந்தேன். கிரிபித்ஸ் பின்னர் 1968இல் குளித்தலை அருகேயுள்ள சாந்திவனத்துக்கு வந்து தமிழ்நாட்டிலேயே வாழ்ந்தார். காவியுடையும் மரக்கறி உணவும் மௌனமுமாக ஆண்டு முழுவதையும் தபசு காலமாக்கிக்கொண்ட அவர்களை வணங்குகிறேன். ஆயினும் உள்ளதைச் சொன்னால், மடத்தின் ஒழுங்குக்குள் காக்கும் நோன்பைக் காட்டிலும், மேஸ்திரி, எடைத்தராசு, பிள்ளைகளின் பசி இவற்றுக்கு நடுவே லயத்துப் பெண் காக்கும் நோன்பே அரியது என்பது என் தீர்ப்பு.

இன்று அந்த லயங்களின் பிள்ளைகள் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் சென்னைக்கும் பிழைக்கப் போகிறார்கள். குடியேறிகளின் பிள்ளைகளோ கடல் கடந்து போகிறார்கள். அவர்கள் அங்கே தனியே நோன்பு பிடிக்கையில் கிறக்கம் வந்தால் அள்ளிப் போட அடுத்த நிரையில் யாருமில்லை. பரிசுத்த வாரத்தில் அவர்கள் ஊர் திரும்புவதற்குக் கேளிக்கை மாத்திரம் காரணமன்று.

கோடை விடுமுறை தொடங்கும் அதே வாரத்தில் நம்மவர் வாகனங்களும் குளிர்ச்சி தேடி மூணாற்றுக்கு வரிசையாக ஏறுகின்றன. பெரிய வெள்ளியன்று அந்தக் குறுகிய மலைச்சாலையின் திருப்பத்தில் சிலுவையைச் சுமந்த ஒரு கூட்டம் எதிர்ப்படுமானால், ஒலிப்பானை அழுத்த வேண்டாம். வண்டியை ஓரமாக நிறுத்தி விளக்கை அணைத்துவிடுங்கள். அவர்கள் காலையிலிருந்து உண்ணாமல் நடந்து வருகிறவர்கள். அவர்கள் கடந்து செல்லக் கால்மணி நேரத்துக்கு மேல் ஆகாது.